ஈற்றுச்சீர்

அந்த நோட்டில் கடைசியாக இருக்கும் வெண்பாவுக்கு இன்னும் ஒரு சீர் பாக்கி.

நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடு அச்சிட்டிருக்கும். ஐயா கடைசிவரை அதைத்தான் வாங்கினார். அவருடைய காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவர் மகள் ஒரு மஞ்சள் பையில் பதினொரு நோட்டுகளைப் போட்டு என் கையில் கொடுத்தாள். “அப்பா உங்ககிட்டச் சேக்கச் சொன்னாங்கண்ணே. எனக்கு இதுல ஒண்ணும் புரியாது.” பத்து நோட்டுகளைப் படித்து முடித்துவிட்டேன். பதினொன்றாவதில் அந்த ஒரு பக்கம் வந்ததும் நின்றுவிடுவேன். மூடி வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், கவிதை தானா வரணுமா, நாம உக்காந்து செய்யணுமா?” என்று கேட்டாள். ஏதோ பதில் சொன்னேன். கை தட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, நான் சொன்ன பதில் ஐயாவுக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கினேன்.

என் அப்பா மாயவரத்தில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஒரே ஒரு ட்ரெடில் மெஷின், காலால் மிதிப்பது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீது புத்தகம். இவற்றோடு தை, சித்திரை, ஆவணி மாதங்களில் வாழ்த்து மடல். அந்தக் காலத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் சேர்ந்து வாழ்த்து மடல் அடிக்காத கல்யாணம் எங்கள் பக்கம் இல்லை. ரோஸ் தாளில் பூங்கொடி பார்டர் போட்டு, நடுவில் பாட்டு, கீழே வாழ்த்துவோர் பெயர்கள். தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து அதை ராகம் போட்டு வாசிப்பார். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். முப்பது வருஷம் கழித்தும் பல வீட்டுக் கூடங்களில் அந்தச் சட்டம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டையெல்லாம் எழுதியவர் ஐயா. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கல்யாண வீட்டார் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மணமகன், மணமகள், அவர்களைப் பெற்றவர்கள், தாய்மாமன், ஊர். எல்லாமும் வந்தாக வேண்டும். அதை நான் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோவேன். பாட்டை வாங்கி வருவேன். அப்பா எழுத்துக் கோத்ததும் புரூஃபைக் கொண்டுபோவேன். திருத்தத்தோடு திரும்பி வருவேன். பத்து வயதிலிருந்து இதுதான் என் மாலை நேரம். விடுமுறை நாளில் காலை நேரமும்.

சீர் என்றால் என்ன என்பது எனக்குப் பாடமாக வரவில்லை, ஈயக் கட்டையாக வந்தது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுவதற்கு எழுத்தில்லாத கட்டை ஒன்று வைப்பார்கள். அப்பா பொருள் பார்த்து அந்தக் கட்டையை வைப்பார். ஐயா சீர் பார்த்து வைக்கச் சொல்வார். பன்னீர்செல்வம் என்று ஒரு மாப்பிள்ளை. வெண்பாவுக்குள் அந்தப் பெயர் நேராக நுழையாது. பன், னீர், செல், வம் என்று நாலு அசை. வெண்பாவுக்கு மூன்றுக்கு மேல் ஆகாது. ‘பன்னீர்’ என்று பிரித்தால் தேமா. மாவுக்குப் பின்னால் நிரை வர வேண்டும், ‘செல்’ நேர். தளை தட்டிவிடும். ஐயா ‘பன்னீர்ச்செல்’ என்று ஒரு சீரும் ‘வத்தின்’ என்று அடுத்த சீரும் ஆக்கினார். தேமாங்காய், அதன் பின் நேர். பிரமாதமாக உட்கார்ந்துகொண்டது. இலக்கணத்தில் அதற்கு வகையுளி என்று பெயரும் இருக்கிறது. ஆனால் புரூஃபைப் பார்த்த மாப்பிள்ளையின் சித்தப்பா முகம் சுருங்கிப்போய்விட்டது. “கல்யாணத்தன்னிக்குப் பேரை ஒடைச்சுப் போட்டிருக்கீங்களே ஐயா” என்றார்.

ஐயா வாதாடவில்லை. அதிலிருந்து கல்யாணத்துக்கு விருத்தம், சாவுக்கு வெண்பா என்று வைத்துக்கொண்டார்.

எழுத்தும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. 1978 அக்டோபரில் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அப்பாவின் எழுத்துப் பெட்டியில் பாதி அறைகள் பழைய யானைக்கொம்பு லைகாரத்தோடு இருந்தன. புது எழுத்து வாங்கப் பணம் சேரும்வரை ஒரே மடலில் பழைய லையும் புது லையும் கலந்து வரும். ஐயா கையெழுத்தில் யானைக்கொம்பு கடைசிவரை போகவில்லை. பதினொன்றாவது நோட்டிலும் இருக்கிறது. ‘கொல்லை’ என்று எழுதியிருக்கிறாரே, அதில்.

ஐயா எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு அது எழுதுவதாகவே தோன்றாது. திண்ணையில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடி, வலதுகைப் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். உதடு அசையும், சத்தம் வராது. பிறகு இரண்டடியை வாய்விட்டுச் சொல்வார். சொல்வது எனக்கல்ல. உள்ளே கொல்லைப்புறத்தில் பெரியம்மா இருப்பார்கள். அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருப்பார்கள். ஐயாவின் மனைவியை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் கிடையாது. கூடத்தைத் தாண்டி ஐயாவின் குரல் போகும். பதில் ஒன்றும் வராவிட்டால் சரி. அம்மிச் சத்தம் நின்றால் கோளாறு.

“தட்டுதே” என்பார்கள் உள்ளேயிருந்து.

பெரியம்மா ஐந்தாவதுக்கு மேல் படித்ததில்லை. நேர், நிரை தெரியாது. யாப்பருங்கலக்காரிகை என்றால் ஐயா பீரோவில் பூட்டி வைத்திருக்கும் புத்தகம் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் நாற்பது வருஷம் வெண்பாவைக் கேட்டுக் கேட்டு அந்தச் செப்பலோசை காதில் ஊறியிருந்தது. ஒரு நாள் ஐயா விடவில்லை. “எங்க தட்டுது? எண்ணிப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு” என்றார். மறுபடி எண்ணினார். மூன்றாமடியில் விளத்துக்குப் பின்னால் நிரை நின்றுகொண்டிருந்தது. பெரியம்மா அதற்குள் அடுத்த வாளியை இறக்கிவிட்டார்கள். சேந்திய தண்ணீரைக் குடத்தில் ஊற்றுவதற்கு முன்னால் வாளியில் எதையோ விரலால் ஒதுக்கி எடுத்துத் தரையில் போடுவது அவர்கள் வழக்கம். கிணற்றுக்கட்டை ஒட்டி ஒரு பவழமல்லி நின்றது.

சொல் கிடைக்காத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஐயா எனக்குச் சொல்லித் தந்தது பன்னிரண்டு வயதில். “சொல்லு வரலைன்னா எதையாவது போட்டு அடைக்காத தம்பி. அடைச்ச சொல்லு அப்பறம் எடுக்க வராது. நமக்கே பழகிப்போயிடும்.” அதனால் அவர் சொல்லுக்குப் பதிலாக வாய்பாட்டைப் பென்சிலால் எழுதி வைப்பார். கூவிளம் வேண்டிய இடத்தில் கூவிளம் என்றே எழுதுவார். கருவிளங்காய் வேண்டிய இடத்தில் கருவிளங்காய். வெண்பாவின் கடைசிச் சீர் நாலு வகையில்தான் முடியலாம். நாள், மலர், காசு, பிறப்பு. ஓரசையாக முடிந்தால் நாள் அல்லது மலர். உகரம் ஒட்டிக்கொண்டால் காசு அல்லது பிறப்பு. ஈற்றுச்சீர் கிடைக்காத வெண்பாக்களின் கடைசியில் இந்த நாலில் ஒன்று பென்சிலில் நிற்கும். சொல் கிடைத்ததும் அதை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவார். பத்து நோட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் அந்த ரப்பர் தேய்த்த அடையாளம் இருக்கிறது. தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஓர் இரங்கற்பாவின் முடிவில் மூன்று வாரம் ‘பிறப்பு’ என்ற வாய்பாடே நின்றதை எனக்கு நினைவிருக்கிறது. செத்தவருக்கு எழுதிய பாட்டு.

நான் பார்த்தது இதுதான் என்றாலும், திண்ணையில் ஐயா சொன்ன கதைகள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. சாயங்காலம் மின்சாரம் நின்றுவிட்டால் தெருப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவோம். காளமேகத்தின் கதை. ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் வேலை பார்த்த ஆள், திருவானைக்காவில் அம்பாள் தாம்பூலத்தை வாயில் உமிழ்ந்ததும் கவிமழை பொழியத் தொடங்கியது. ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்ததும் கலிவெண்பா பாடிய குமரகுருபரர். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதருக்கு முருகன் அடியெடுத்துக் கொடுத்தது. கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஏக்கமாக இருக்கும். யாராவது வந்து வாயில் உமிழ்ந்துவிட்டுப் போனால் இந்தக் கூவிளம், கருவிளம் எல்லாம் வேண்டாமே.

கச்சியப்ப சிவாசாரியார் கதையைத்தான் ஐயா அதிகம் சொல்வார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்போது புரியாமல் கேட்டேன். இப்போது அந்தக் கதையை விட்டு என்னால் நகர முடியவில்லை.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அர்ச்சகர் கச்சியப்பர். கந்தபுராணத்தைத் தமிழில் பாடு என்று முருகன் கனவில் வந்து சொல்லி முதற்சீரையும் தானே எடுத்துக் கொடுத்துவிட்டான். கச்சியப்பர் நாளைக்கு நூறு பாட்டாகப் பாடுவார். அன்றன்றைக்குப் பாடிய ஏட்டை இரவு சந்நிதியில் வைத்து நடையைச் சாத்திவிட்டு வருவார். காலையில் திறந்தால் ஏட்டில் திருத்தம் இருக்கும். இப்படிப் பத்தாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து பாட்டு. ஐயா இந்த இடத்தில் நிறுத்துவார். “பாருங்கடா, முருகன் மொத்தப் புராணத்தையும் எழுதிக் குடுத்திருக்கலாம்ல? குடுக்கல. ஒரு சீர் குடுத்தான். மிச்சத்தை நீ பாடுன்னான். பாடினதைத் திருத்தினான்.”

அதோடு முடியவில்லை. அரங்கேற்றத்தில் முதல் பாட்டைப் பாட வாய் திறந்ததுமே ஒரு புலவர் எழுந்து தடுத்துவிட்டார். அவர் தடுத்தது கச்சியப்பரின் சொல்லை அல்ல, முருகன் கொடுத்த சொல்லை. ‘திகழ்’ என்பதும் ‘தசம்’ என்பதும் புணரும்போது நடுவில் டகரம் தோன்றுவதற்கு எந்த இலக்கணத்தில் விதி என்று கேட்டார். இது ஆண்டவன் எடுத்துக் கொடுத்தது என்றார் கச்சியப்பர். அப்படியானால் ஆண்டவனே வந்து விதி காட்டட்டும் என்றது சபை. அன்றைக்குக் கூட்டம் கலைந்துவிட்டது. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தோடு வந்து சந்திப் படலத்தில் விதியைக் காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவரே முருகன்தான் என்றும் சொல்வார்கள். வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர் என்பதைச் சொல்லும்போது ஐயாவின் குரல் ஒரு படி ஏறும். சிவன் பிள்ளை பாட்டுக்குப் புத்தர் பிள்ளை இலக்கணம்!

நக்கீரர் கதையும் அதே சாதிதான். சங்கத்தில் இறைவனின் பாட்டையே நிறுத்திப் பொருட்குற்றம் கேட்டார்கள், நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும். இது நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. கடவுளே சொன்னாலும் சபையில் வைத்து அசை பிரித்துப் பார்ப்போம் என்று ஒரு மொழிக்காரர்கள் ஆயிரம் வருஷமாகக் கதை சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். அதே கதைகளில், அந்த முதற்சீரை எந்தப் புலவரும் தானாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பத்தொன்பது வயதில் இதெல்லாம் எனக்குக் கசந்துவிட்டது. கல்லூரி நூலகத்தில் ‘எழுத்து’ பழைய இதழ்கள் கிடைத்தன. சி.சு. செல்லப்பா 1959ல் தொடங்கியது. பிச்சமூர்த்தியைப் படித்தேன், பக்கத்துக் கும்பகோணத்துக்காரர். பிறகு கோவையிலிருந்து 1971ல் கிளம்பிய ‘வானம்பாடி’க்காரர்களைப் படித்தேன். மண்டைக்குள் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஓர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒரே மூச்சில் நாற்பது வரி எழுதினேன். கை நடுங்கியது. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் காலையில் ஐயாவிடம் கொண்டுபோனேன். மாற்றினால் பாவம் என்று நினைத்தேன்.

ஐயா வாங்கிப் படித்தார். பிறகு, எப்போதும் செய்வது போல, வாய்விட்டுப் படித்தார். கொல்லைப்பக்கம் அம்மிச் சத்தம் நின்றது. வசன கவிதைக்குத் தளை எங்கே இருக்கிறது, இங்கே என்ன தட்டப்போகிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றார்கள். “நல்லா இருக்கு தம்பி. ஆனா நடுவுல ரெண்டு வரி உன்னுது இல்லையே” என்றார்கள்.

எந்த இரண்டு வரி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நூலகத்தில் படித்தவை. திருடியதில்லை, சத்தியமாகத் திருடியதில்லை. அந்த இரவு இரண்டு மணிக்கு எனக்குள்ளிருந்து பொங்கி வந்தவற்றில் அவையும் இருந்தன. அப்படியானால் மற்ற முப்பத்தெட்டு?

“மொதல்ல வேகமா ஓடி வர்றது ஞாபகம்தான் தம்பி” என்றார் ஐயா. “கேட்டது, படிச்சது எல்லாம் வாசல்லயே நிக்கும். கதவைத் தொறந்த ஒடனே உள்ள வந்துடும். உன்னுது பின்னாடி கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கும். முன்னாடி வந்ததையெல்லாம் ஒவ்வொண்ணா அனுப்பி வெச்சாத்தான் அது வரும்.”

நான் அடங்கவில்லை. தளை என்றாலே விலங்கு என்றுதானே அர்த்தம், விலங்கைப் பூட்டிக்கொண்டு எப்படி ஐயா ஆடுவது என்று கேட்டேன். அப்போது மேடைகளில் அடிக்கடி கேட்ட வாதம் அது. ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மொட்டு வாய் கட்டியிருக்கு பாரு, அதுக்கும் தளைன்னுதான் பேரு. தளை அவிழ்றதைத்தான் பூக்குதுங்கிறோம். கட்டே இல்லாத மொட்டு எப்படிப் பூக்கும்?” என்றார்.

அவர் புதுக்கவிதைக்கு விரோதி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பிச்சமூர்த்தியை நான் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, “இந்த மனுஷன் காதுக்கு எல்லா ஓசையும் தெரியுது. தெரிஞ்சு விட்டுட்டாரு” என்றார். பாரதி விஷயத்திலும் அதே பேச்சு. 1912ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய பதம், எளிய நடை, பொதுஜனங்களுக்குப் பிடிக்கும் மெட்டு வேண்டும் என்று பாரதி முன்னுரையிலேயே எழுதினார். எட்டயபுரத்தில் பதினோரு வயதில் பண்டிதர்கள் முன் பாடிப் பட்டம் வாங்கிய ஆளுக்கு வெண்பா வராமலா நொண்டிச் சிந்தை எடுத்தார்? தேடி எடுத்தார். பராசக்தி தருகிறாள் என்று நெஞ்சாரச் சொன்ன கவிஞர்தான், எந்த மெட்டில் தந்தால் ஜனங்கள் பாடுவார்கள் என்று உட்கார்ந்து யோசித்தவரும்.

எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார், நூறு வருஷத்துக்கும் முன்னால். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஐயா அவர் பெயரைச் சொல்லும்போது மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். 1871ல் பதினாறு வயது உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்க வந்தது இந்த மாயூரத்துக்குத்தான். பிள்ளையவர்கள் பாட்டை எழுதமாட்டார், சொல்வார். சீடன் ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துக்கொண்டு கீற வேண்டும். முன்பே எழுதி வைத்ததைப் படிப்பது போல விருத்தம் விருத்தமாக வரும், கை ஓயும். ‘என் சரித்திர’த்தில் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, இதோ ஊற்று என்று நான் துள்ளினேன். ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, 1933ல் சாமிநாதையர் எழுதிய பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதல் பாகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார்.

இளமையில் பிள்ளையவர்களுக்குத் தண்டியலங்காரம் பாடம் கேட்க ஆசை. சொல்லித் தருவதற்கு ஆள் அகப்படவில்லை. திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனார். பரதேசிக்கோ பிச்சைக்குப் போயாக வேண்டும். பிள்ளையவர்களும் கூடவே வீதி வீதியாக நடந்தார். அவர் வீட்டு வாசலில் நின்று பிச்சை வாங்குவார், அடுத்த வாசல் வருவதற்குள் இவர் சந்தேகம் கேட்பார். அப்படித்தான் அணியிலக்கணம் படித்தார்.

“சீடன் கை ஓயுற வேகத்துல சொன்னாரே, அந்த வேகம் எந்தத் தெருவுல வந்துதுன்னு தெரிஞ்சுதா?” என்றார் ஐயா.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனால், ஐயா உழைப்பை மட்டும் நம்பியவர் என்று தோன்றிவிடும். அப்படியில்லை. நான் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது.

ஐப்பசி மழை. வாய்க்காலில் அடித்துக்கொண்டு போன ஆறு வயதுப் பையனை மறுநாள்தான் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா அறுப்பு வேலைக்குப் போகிறவர். காரியப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்கு வந்து, “பெரிய மனுஷங்களுக்கெல்லாம் பாட்டுப் போடுறீங்களே, எம்புள்ளைக்கும் போடுவீங்களா?” என்று கேட்டார். என் அப்பா பேசாமல் என்னோடு அவரை அனுப்பினார். ஐயா திண்ணையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டார். பையனின் பெயரைக் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடவில்லை, விரலைத் தொடவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலடியையும் சொல்லிவிட்டார். ஏதோ ஆறுதல் வார்த்தை பேசுகிற மாதிரிதான் இருந்தது. அது வெண்பா என்று எனக்குப் பிடிபடவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தத் தகப்பனாருக்கு வெண்பாவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

அவர் போன பிறகு ஐயா எழுந்து உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். பெரியம்மா கொல்லைக் கதவருகில் நின்றிருந்தார்கள். கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஐயாவின் கை இப்போது நடுங்கியது. விரல் கணுக்களைத் தொட ஆரம்பித்தார், நாலாம் விரலில் தவறி மறுபடியும் முதலிலிருந்து தொட்டார்.

“தட்டலையே?” என்றார் பயந்துபோன குரலில்.

“தட்டல” என்றார்கள் பெரியம்மா. வேறொன்றும் சொல்லாமல் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்கள்.

அந்த வெண்பா நாலாவது நோட்டில் இருக்கிறது. பேனாவால் எழுதியது. அந்தப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த இடமே இல்லை. தாள் புதிதாக இருக்கிறது. பதினொரு நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் அது மட்டும்தான். இப்படி ஒன்று கிடைக்க நாற்பது வருஷம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பெயர்களை அசை பிரித்துக்கொண்டு இருந்தாரா, அல்லது அப்படி இருந்ததற்குக் கூலியாக இது ஒருமுறை வந்து போனதா? கல்லூரியில் அந்தப் பெண் கேட்டபோது இந்தப் பக்கத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மேடையில் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. அங்கே முதலில் ஓடி வந்தது, பல மேடைகளில் பலர் சொன்ன பதில்.

நான் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தேன். ட்ரெடில் மெஷினை அப்பா எடைக்குப் போட்டார். ஆஃப்செட் வந்ததும் வாழ்த்து மடலில் பாட்டு போய் மணமக்கள் படம் வந்துவிட்டது. நான் ஆறு கவிதைத் தொகுப்பு போட்டேன். எதிலும் வெண்பா இல்லை. ஒவ்வொரு கவிதையையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். எங்கோ அம்மிச் சத்தம் நிற்கிறதா என்று கேட்பேன்.

பெரியம்மா போன தகவல் எனக்கு மூன்று நாள் தாமதமாக வந்தது. நான் போனபோது ஐயா திண்ணையில் இல்லை, கூடத்தில் இருந்தார். கண்புரைக்கு அறுவை செய்து தடிக்கண்ணாடி போட்டிருந்தார். பேனாவில் மை கொட்டுகிறது, பென்சில்தான் தோது என்றார். பக்கத்தில் நோட்டு இருந்தது. “அவளுக்கு ஒண்ணு எழுதலாம்னு பாக்கறேன். எழுதினதைச் சொல்லிப் பாக்க ஆள் இல்ல” என்றார். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த வீட்டில் எந்தக் காதுக்கு அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் கழித்து அவரும் போனார்.

பதினொன்றாவது நோட்டில் அந்த ஒரே வெண்பாதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. முப்பது பக்கத்துக்கும் மேல். முதலடி ஏழு விதம். தனிச்சொல் ஒன்று வந்து போய், மறுபடியும் அதே சொல் வந்திருக்கிறது. மூன்றாமடி ‘இல்லாள்’ என்று தொடங்குகிறது. அதற்கு எதுகையாக ஈற்றடி ‘கொல்லை’யில் தொடங்குகிறது, யானைக்கொம்பு லைகாரத்தோடு. அடுத்த சீர் முதலில் ‘குளத்தில்’ என்று இருந்தது. கொவுக்குக் குகரம் மோனை, அழகாகப் பொருந்தும். ஆறு பக்கம் குளத்தில், குளத்தில் என்றே போகிறது. ஏழாவது பக்கத்தில் அதை அடித்துவிட்டுக் ‘கிணற்றில்’ என்று எழுதியிருக்கிறார். மோனை போய்விட்டது. அந்த வீட்டுக் கொல்லையில் குளம் கிடையாது. மோனைக்காக அவர் விட்டுக்கொடுத்ததைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன், மோனையை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது இந்த ஓர் இடம்.

கடைசிச் சீருக்கு ‘குடம்’ என்று எழுதி அடித்திருக்கிறார். ‘ஒலி’ என்று எழுதி அடித்திருக்கிறார். ‘கயிறு’ ஒரு நாள் இருந்திருக்கிறது. ‘நிலா’ என்று எழுதியதை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கோடு போட்டு அடித்திருக்கிறார். அது யாரும் எழுதக்கூடியது என்று அவருக்கே கோபம் வந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மூன்றடியும் திருத்தமில்லாமல் இருக்கின்றன. நாலாமடியில் கொல்லை, கிணறு, அதன் பின்னால் பென்சிலில் மலர் என்று வாய்பாடு.

இத்தனை வருஷமாக அதை அப்படித்தான் படித்தேன். மாவுக்குப் பின்னால் நிரை வர வேண்டும், ஓரசைச் சீர், வாய்பாடு மலர். சொல் கிடைக்கவில்லை, இடத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு சீர் பாக்கி. போன மாதம் மஞ்சள் பையை இறக்கிய இரவும் அப்படித்தான் படித்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, வாளித் தண்ணீரிலிருந்து பெரியம்மா விரலால் ஒதுக்கி எடுத்துப் போடுவார்களே, அது என்ன என்று நினைவு வந்தது. விடிகாலையில் உதிர்ந்து கிணற்றுக்குள் விழுந்து மிதக்கும். வெள்ளை இதழ், பவழக் காம்பு.

எழுந்து விளக்கைப் போட்டேன். வாய்பாடென்றால் பென்சில், சொல்லென்றால் பேனா என்பது ஐயாவின் வழக்கம். ஆனால் அந்தப் பக்கம் முழுவதுமே பென்சில்தான். மூன்றடியும் பென்சில், கொல்லையும் பென்சில், கிணறும் பென்சில். எழுத்தின் அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அழுத்தம். கிணற்றைத் தூர்த்துப் போர் போட்டு நாளாயிற்று. மரமும் இல்லை. மகளிடம் கேட்டுப் பயனில்லை.

*கொல்லைக் கிணற்றில் மலர்.*

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலடியையும் வாய்விட்டுப் படித்தேன். இன்னொரு முறை, விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டே, மெதுவாகப் படித்தேன். எங்கேயும் தட்டவில்லை.